காற்று போக ஒரு வழி

ரேடியேட்டர் புதிது. தெர்மோஸ்டாட் வால்வும் புதிது. வாட்டர் பம்ப் ஒழுங்காகச் சுற்றுகிறது, ஃபேன் ஓடுகிறது, கூலண்ட் விளிம்பு தட்ட ஊற்றியாகிவிட்டது. ஆனாலும் சில கிலோமீட்டர் போவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. பாதி வழியில் தானாகவே சற்று இறங்குகிறது. பிறகு மறுபடி ஏறுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து களகளவென்று நீர் புரளும் சத்தம் வேறு. பழுது பார்ப்பதற்கு முன் இப்படி இல்லையே என்று உரிமையாளர் தவிக்கிறார். ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் கை பழகியவர் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "உள்ளே ஏர் பிடிச்சிருக்குங்க. எடுத்துட்டா சரியாயிடும்."

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. தண்ணீர் இருக்கவேண்டிய ஓரிடத்தில் கைப்பிடி அளவு காற்று உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கைப்பிடிக் காற்றால் ஓர் இன்ஜினையே பாழாக்க முடியும். எப்படி என்பதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். ஆனால் அதன் பல பாடங்கள் இந்த ஒரே பழுதில் வந்து சேர்கின்றன.

வெப்பத்தின் கணக்கு

நெடுஞ்சாலையில் சீராக ஓடும் ஒரு சிறிய கார் மணிக்கு 6 லிட்டர் பெட்ரோல் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. கணக்குப் போட்டால், அந்த இன்ஜினுக்குள் ஒவ்வொரு விநாடியும் சுமார் 53 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. இதில் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான். இன்னொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியாகப் போய்விடும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கூலண்ட் சுமந்தாக வேண்டும். அது 17 அல்லது 18 கிலோவாட். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இந்த வெப்பத்துக்கு 17 விநாடி போதும்.

சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் உச்ச வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். இத்தனை வெப்பத்துக்கு நடுவே அந்த உலோகம் உருகாமல் நிற்பதற்குக் காரணம், அதன் முதுகுப்புறத்தில் கூலண்ட் இடைவிடாமல் ஓடுவதுதான். வெப்பம் உலோகத்திலிருந்து நீருக்கும், நீரிலிருந்து ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கும், அங்கிருந்து வெளிக்காற்றுக்கும் கைமாறிப் போகிறது. கடைசியில் காரைக் குளிர்விப்பது காற்றுதான். நீர் அந்த வெப்பத்தைக் காற்றிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊடகம்.

வெளியே இன்ஜினைக் காக்கும் அதே காற்று, உள்ளே புகுந்துவிட்டால் இந்தக் கைமாற்றத்தை நடுவிலேயே அறுத்துவிடுகிறது.

நீர் தொடாத இடம்

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4,180 ஜூல் வேண்டும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். கன அளவு ஒன்றேயானாலும், வெப்பத்தைச் சுமக்கும் திறனில் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு மேல். வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் முன்னால் நிற்கிறது. ஆகவே சிலிண்டர் ஹெட்டின் ஒரு மூலையில் காற்று தங்கிவிட்டால், அந்த மூலையில் குளிர்விப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சுற்றிலும் கூலண்ட் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு திட்டு மட்டும் தனியே காய்கிறது.

காய்ந்த இடத்தை நீர் மறுபடி தொட வரும்போது அடுத்த சிக்கல் எழுகிறது. ஓரளவு சூடான பரப்பில் நீர் சிறு சிறு குமிழிகளாகக் கொதிப்பது நல்லதே. ஒவ்வொரு குமிழியும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு கிளம்புகிறது. பரப்பு மிகவும் சூடேறிவிட்டால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து நீராவிப் படலமாகி, உலோகத்தை நீரிலிருந்து பிரித்துவிடும். காய்ந்த இரும்பில் விழுந்த நீர்த்துளி உடனே ஆவியாகாமல் உருண்டோடுவதை ஜெர்மானிய மருத்துவர் யோஹான் லைடன்ஃப்ராஸ்ட் 1756இல் விவரித்தார். ஜப்பானியப் பொறியாளர் ஷிரோ நுகியாமா 1934இல் இந்தக் கொதித்தலை அளந்து ஒரு வரைபடமாகவே தந்தார். பரப்பின் சூடு ஓர் எல்லையைத் தாண்டினால், நீர் அதிலிருந்து வெப்பத்தை எடுக்கும் வேகம் கூடாமல் சரிந்துவிடுகிறது என்பதை அந்த வரைபடம் காட்டுகிறது. இன்ஜினுக்குள் சூடான திட்டு ஒன்று உருவாகிவிட்டால், அது தானாகக் குளிர்வதைவிட மேலும் சூடாவதே எளிது.

அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அரை மீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக நீளும். வார்ப்பிரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் கோணிவிடுகிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருக்கும் கேஸ்கெட் வழிவிடுகிறது. கைப்பிடிக் காற்று ஓர் இன்ஜினைப் பாழாக்குவது இந்த வழியில்தான்.

முள்ளை மட்டும் நம்புவதும் ஆபத்து. வெப்பநிலையை உணரும் சென்ஸார் நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். அதைச் சுற்றிக் காற்று தேங்கினால், உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கிக் காட்டக்கூடும். முள் காரணமில்லாமல் ஏறி இறங்குவது, சென்ஸாரைக் காற்றும் நீரும் மாறி மாறித் தொடுவதன் அடையாளமாக இருக்கலாம்.

பம்பு ஏன் தள்ளவில்லை?

கிணற்று மோட்டார் போட்டவர்களுக்கு இந்தப் பகுதி புதிதல்ல. ஃபுட் வால்வு கசிந்து பம்பில் நீர் இறங்கிவிட்டால், மோட்டார் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகே அது நீரைப் பிடிக்கும். காரின் வாட்டர் பம்பும் அதே வகை மையவிலக்குப் பம்புதான்.

இத்தகைய பம்பு தரும் அழுத்தம், அதற்குள் இருக்கும் பொருளின் அடர்த்தியைப் பொறுத்தது. காற்றின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் எண்ணூறில் ஒரு பங்கு. ஆகவே இறக்கைகளுக்கு நடுவே காற்று நிரம்பினால் பம்பின் அழுத்தமும் எண்ணூறில் ஒரு பங்காகிவிடும். பம்பு சுற்றும், நீர் நகராது.

பம்பு நன்றாகவே தள்ளினாலும், குழாயின் மேட்டில் தங்கிய காற்றுக் குமிழி எளிதில் கிளம்பாது. குமிழி இயல்பாகவே மேலே போகப் பார்க்கும். நீர் அதைக் கீழ்நோக்கி இழுத்துச் செல்ல வேண்டுமானால், குமிழி ஏறும் வேகத்தைவிட நீர் இறங்கும் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும். 2 செ.மீ. விட்டமுள்ள குழாயில் பெரிய குமிழி விநாடிக்கு ஏறத்தாழ 15 செ.மீ. வேகத்தில் ஏறும். இன்ஜின் ஐடிலில் மெதுவாக ஓடும்போது, ஹீட்டருக்குப் போகும் ஒல்லியான கிளைக்குழாயில் அந்த வேகம் கிடைக்காமல் போகலாம். ஏர் எடுக்கும்போது மெக்கானிக் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் ஏற்றிப் பிடிப்பது இதற்காகத்தான்.

தெர்மோஸ்டாட்டையும் காற்று ஏமாற்றுகிறது. இன்று பரவலாக இருக்கும் மெழுகு வகைத் தெர்மோஸ்டாட்டை 1930களில் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னெட். அதன் சிறு குப்பிக்குள் இருக்கும் மெழுகு, குறித்த சூட்டில் உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது. பல கார்களில் அது 80 முதல் 90 டிகிரிக்குள் நடக்கும். குப்பியைச் சூடான நீர் தொட்டால் மெழுகு சட்டென்று உருகும். காற்று சூழ்ந்திருந்தால் தாமதமாகும். வால்வு திறக்காத அந்த நேரமெல்லாம் இன்ஜினின் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றுகிறது. மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருப்பதைத் தொட்டுப் பார்த்தே மெக்கானிக் அறிந்துகொள்கிறார். தெர்மோஸ்டாட் பழுதானாலும் இதே அறிகுறிதான் தெரியும். புதிய தெர்மோஸ்டாட் போட்ட பிறகும் இப்படி இருந்தால், சந்தேகம் காற்றின் மேல் போவது நியாயம். இந்தத் தொல்லையை எதிர்பார்த்தே பல தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் ஒரு சிறு துளையும், அதில் ஆடும் ஓர் ஊசியும் வைக்கிறார்கள். வால்வு மூடியிருக்கும்போதே காற்று அதன் வழியாகக் கசிந்து போய்விடும். அந்தத் துளை மேல்பக்கமாக இருக்கும்படி மாட்டினால்தான் பயன். தலைகீழாக மாட்டினால் காற்றுக்கு வழியில்லை.

மேடு இடம் மாறிய கதை

முதல் கார்களில் இந்தச் சிக்கல் பெரிதாக இருந்ததில்லை. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலமே இன்ஜின் குளிர்ந்தது. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்வரை அந்த வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழிநெடுக நீர் தேடி நிரப்பிக்கொண்டே போகவேண்டியிருந்தது. அந்தத் தேவையைப் பெருமளவு குறைத்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1900இல் அவர் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு சதுரக் குழல்கள் இருந்தன. காற்று தொடும் பரப்பு பெருகியது; குறைந்த நீரே திரும்பத் திரும்பச் சுற்றிவரப் போதுமானதாயிற்று.

ஃபோர்டின் மாடல் டி காரில், ஆரம்பத்தில் வந்த சில ஆயிரம் வண்டிகளுக்குப் பிறகு, வாட்டர் பம்பையே எடுத்துவிட்டார்கள். சூடான நீர் லேசாகி மேலே ஏறும், ரேடியேட்டரில் குளிர்ந்த நீர் கனத்து இறங்கும். அந்த ஓட்டமே போதும் என்று விட்டார்கள். இது நடக்க வேண்டுமானால் ரேடியேட்டர் உயரமாக நிற்க வேண்டும், குழாய்கள் அதை நோக்கி மேடேற வேண்டும். அத்தகைய அமைப்பில் நீர் ஊற்றும் வாயே எல்லாவற்றுக்கும் உச்சி. காற்று யார் உதவியும் இல்லாமல் அங்கே வந்து வெளியேறிவிடும்.

பிறகு காரின் முகம் தாழ்ந்தது. எதிர்க்காற்றின் தடையைக் குறைக்கவும், ஓட்டுநருக்குச் சாலை தெரியவும் பானெட்டைச் சரித்தார்கள். ரேடியேட்டரும் கூடவே தாழ்ந்தது. குளிர்நாடுகளுக்காக டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் வந்தது. அதற்குள்ளும் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது, இன்ஜின் நீர்தான் அதிலும் ஓடுகிறது. இன்று பல கார்களில் நீர்ப்பாதையின் மேடு ரேடியேட்டர் மூடியில் இல்லை. ஹீட்டரிலோ, அதற்குப் போகும் ஹோஸின் வளைவிலோ, சிலிண்டர் ஹெட்டின் பின்மூலையிலோ இருக்கிறது. மூடிவரை கூலண்ட் நிரம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகும் உள்ளே காற்று இருப்பது இதனால்தான். நடுவில் இன்ஜினும் முகப்பில் ரேடியேட்டருமாக வந்த டொயோட்டா எம்ஆர்2 போன்ற கார்களில், நீர் வண்டியின் நீளத்துக்கும் போய்த் திரும்ப வேண்டும். அவற்றில் காற்றை வெளியேற்றுவது தனி வேலையாகவே ஆகிவிடுகிறது.

சென்னை வெயிலில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை. ஆனால் நோயறிய அது நல்ல கருவி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்ற காற்று வந்தால், சூடான நீர் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள்; நீர் குறைந்திருக்க வேண்டும், அல்லது வழியில் காற்றோ வேறு அடைப்போ இருக்க வேண்டும்.

மூடியைத் திறக்கும் முன்

ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியழுத்தத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தத்தை அந்த மூடி தாங்கிப் பிடிக்கும் என்பதே அந்த எண். கடல்மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும்; 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைத் தேக்கும்போது கடல்மட்டத்தில் நீரின் கொதிநிலை 120 டிகிரி அளவுக்கு உயர்கிறது. கூலண்டில் கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கால் அதை இன்னும் சில டிகிரி ஏற்றுகிறது.

இந்தப் பாதுகாப்பே, சூடான வண்டியின் மூடியைத் திறப்பவரைக் கொல்லவும் கூடும். 120 டிகிரியில் இருக்கும் 5 லிட்டர் நீரின் அழுத்தம் ஒரே நொடியில் விடுபட்டால், அதில் 190 கிராம் அளவு ஆவியாகும். கேட்கச் சிறிதுதான். ஆனால் அந்த ஆவி 300 லிட்டருக்குமேல் இடம் கேட்கும். மீதிக் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு முகத்தில்தான் வந்து அடிக்கும். இன்ஜின் முழுவதும் ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். ஒரு மணி நேரம் காத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் ஹெட் விரிசல் விடலாம்.

ஏர் எடுத்தல்

காற்று மேலே போக விரும்புகிறது. அதற்கு ஒரு வழியைத் திறந்துவிட்டு, அது போகும்வரை பொறுத்திருப்பதே இந்த வேலை முழுவதும்.

வண்டியின் முன்பக்கத்தைச் சற்று மேடாக நிறுத்துவார்கள். ரேடியேட்டர் வாய் மறுபடியும் உச்சிக்கு வருகிறது. மாடல் டி காரில் இயல்பாக இருந்ததைச் சரிவான தரை கொஞ்ச நேரத்துக்குத் திருப்பித் தருகிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கிறார்கள். சில கார்களில் ஹீட்டருக்கு நீர் விடும் வால்வு அப்போதுதான் திறக்கும். தெர்மோஸ்டாட் மூடிக்கு அருகிலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்றை வெளியேவிடும் ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்துகிறார்கள். பிறகு கூலண்டை மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் நீர் காற்றைச் சுற்றி அடைத்துவிடும். மெதுவாக ஊற்றினால் நீர் கீழிருந்து ஏற ஏறக் காற்று மேலே ஒதுங்கும். ஸ்க்ரூ வழியாக முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழியில்லாத ஒரே தாரையாக வந்ததும் அதை மூடலாம். அது பெரும்பாலும் பிளாஸ்டிக்கோ பித்தளையோ ஆகையால் பலமாக முறுக்கக்கூடாது.

அடுத்து, மூடி திறந்த நிலையில், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓடவிடுகிறார்கள். ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விட, ஒளிந்திருந்த குமிழிகள் கிளம்பும். தெர்மோஸ்டாட் திறந்ததும் கீழ் ஹோஸ் சூடாகும், நீர்மட்டம் சட்டென்று இறங்கும். அந்த இடத்தை நிரப்ப வேண்டும். சில நேரம் இதற்கு மாறாக மட்டம் ஏறி வழியும். 30 டிகிரியில் 100 மி.லி. இருந்த காற்று, 90 டிகிரியில் வெறும் வெப்பத்தால் 120 மி.லி.தான் ஆகவேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் நீராவியும் அதற்குள் புகுந்துகொள்வதால், மூடி திறந்திருக்கும்போது குமிழி 350 மி.லி.யையும் தாண்டி உப்பிவிடும். மூடி போட்டு அழுத்தம் ஏறினால் அதே குமிழி 100 மி.லி.க்கும் கீழே சுருங்கிவிடும். வழியும் கூலண்டைத் தாங்க, ரேடியேட்டர் வாயில் இறுக மாட்டும் உயரமான புனல் பெரிதும் உதவும். கை, கண் இரண்டையும் இந்தக் கட்டத்தில் வாயிலிருந்து விலக்கியே வைக்க வேண்டும்.

ஃபேன் ஓரிரு முறை ஓடி நின்று, குமிழி வருவதும் நின்றால் மூடியைப் போட்டு வண்டியை ஆறவிடலாம். மறுநாள் காலையில் மட்டம் கொஞ்சம் குறைந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. நீர் தன்னுள் கரைந்த காற்றையும் கொண்டுவருகிறது. வாயு எந்த அளவு நீரில் கரையும் என்பதை இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி 1803இல் விதியாகச் சொன்னார். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 18 மி.லி. காற்று கரைந்திருக்கும், 5 லிட்டரில் 90 மி.லி. சூடானதும் அதில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். ஒரு குமிழிகூட இல்லாமல் ஊற்றினாலும் இவ்வளவு காற்று கூடவே வருவதால், முதல் ஓரிரு ஓட்டங்களுக்குப் பிறகு கொஞ்சம் நிரப்புவது இயல்பே.

வசதியுள்ள ஒர்க்‌ஷாப்புகளில் வேறொரு முறையும் உண்டு. காலியான நீர்ப்பாதையிலிருந்து முதலில் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு கூலண்ட் குழாயைத் திறக்கிறார்கள். வெளியழுத்தமே கூலண்டை மூலை முடுக்கெல்லாம் தள்ளி நிரப்பிவிடும். உறிஞ்சிய பின் அளவுமானியின் முள் நகராமல் நின்றால் கசிவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சில புதிய கார்களில் மின்சார வாட்டர் பம்பே காற்றை வெளியேற்றும். அதற்கான முறை அந்தக் காரின் கையேட்டில் இருக்கும். எந்தக் காரானாலும் ஊற்றத் தொடங்கும் முன் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. வழிந்த கூலண்டைத் தரையில் விடக்கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாயோ பூனையோ நக்கினால் இறந்துவிடும், குழந்தைகளுக்கும் ஆபத்து.

காற்று எப்படி வந்தது?

ஏர் எடுத்ததும் முள் நடுவில் வந்து நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஒரு கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது: காற்று எந்த வழியாக உள்ளே வந்தது?

கூலண்ட் மாற்றியபோதோ ஹோஸ் கழற்றியபோதோ வந்ததென்றால் கவலையில்லை; போனது திரும்பாது. ஹோஸ் முனையிலோ பம்பின் சீலிலோ கசிவு இருந்தால், ஓடும்போது கூலண்ட் வெளியேறும், ஆறும்போது அதே வழியாகக் காற்று உள்ளே போகும். மூடியிலும் சந்தேகம் உண்டு. இன்ஜின் ஆறி நீர் சுருங்கும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலண்டைத் திரும்ப உள்ளே விட மூடிக்குள் ஒரு குட்டி வால்வு இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் கூலண்ட் திரும்பாது. டேங்கில் மட்டம் நிறைந்து தெரியும், ரேடியேட்டர் உள்ளே குறைந்திருக்கும். விலை மலிவான ஒரு மூடி செய்யும் வேலை இது.

எத்தனை முறை எடுத்தாலும் குமிழி நிற்கவில்லை என்றால், அது காற்றாக இல்லாமலே இருக்கலாம். ஹெட் கேஸ்கெட் விட்டுப்போயிருந்தால், சிலிண்டரில் எரியும் வாயு மூடி தாங்குவதைவிடப் பல மடங்கு அழுத்தத்தோடு கூலண்டுக்குள் பாய்கிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ரேடியேட்டர் வாயில் எழும் ஆவியை ஒரு நீலத் திரவத்தின் வழியாக இழுத்தால், எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதை மஞ்சளாக்கிவிடும். மஞ்சளானால் ஏர் எடுத்துப் பயனில்லை, ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும். இந்த நிலையில் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவர், கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய செலவை ஹெட் வரைக்கும், சில சமயம் இன்ஜின் வரைக்கும் இழுத்துவிடுகிறார்.

ஆகவே ஏர் எடுத்த வண்டியை அடுத்த சில நாட்கள் காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது, மூடியைத் திறந்து பாருங்கள். முதல் நாள் சிறிது குறையலாம், நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குப் பின் மட்டம் அசையாமல் நின்றால் காற்றும் போயிற்று, அது வந்த வழியும் அடைபட்டது. தொடர்ந்து குறைந்தால் அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அடுத்த தொலைதூரப் பயணத்துக்கு முன் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.